ஒரு நீள விசில்

ஜூலை 2, செவ்வாய்

பழைய பள்ளியின் பேண்ட் தலைவிக்கு,

நான் நலம். உன் நலம் அறிய எனக்கு ஆவல் எதுவும் இல்லை.

நாம் இரண்டு பேரும் வாயைத் திறந்தால் டிரம் சத்தத்தையும் மீறிச் சண்டைதான் கேட்கிறதாம். "பேசவே வேணாம், எழுதித் தொலைங்க" என்று பேண்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். பதிலைச் சிம்பல் பெட்டிக்குள் வை.

நேற்று விழாவில் மானம் போனது. உங்கள் பள்ளியை மூடி எங்கள் பள்ளியோடு சேர்த்ததற்கு ஒரு விழா, அதில் இரண்டு பேண்டும் சேர்ந்து ஓர் அணிவகுப்பு. மைதானத்தின் முனைக்கு வந்ததும் நீளமாக ஒரு விசில் ஊதினேன். நீள விசில் என்றால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். எங்கள் பெண்கள் திரும்பினார்கள். நீங்கள் பதினோரு பேரும் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றீர்கள். பின்னால் வந்தவர்கள் உங்கள் மேல் வந்து மோத, ஒரு பித்தளைச் சிம்பல் உருண்டு உருண்டு முன்வரிசைக்கே போய்விட்டது. விருந்தினர் ஒருவர் அதைக் குனிந்து எடுத்து, குழம்புச் சட்டி மூடியை நீட்டுவதுபோல் மாஸ்டரிடம் நீட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த மாதம் எல்லாப் பள்ளிகளும் வரும் அணிவகுப்பு. அங்கேயும் இப்படி ஆனால் பேண்டைக் கலைத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். விசில் கேட்டால் இடப்பக்கம் திரும்ப உன் ஆட்களுக்குக் கற்றுக்கொடு. முடியாதென்றால் பேண்டை விட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
விசில் வைத்திருப்பவள்


ஜூலை 3, புதன்

விசில் வைத்திருப்பவளுக்கு,

நானும் நலம், நீ கேட்காவிட்டாலும்.

எங்கள் பழைய மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. சுண்ணாம்புக் கோடு முடிகிற இடத்தில் லாரி போகிற ரோடு. அங்கே நீள விசில் என்றால் நில். யோசிக்காதே, திரும்பிப் பார்க்காதே, கால் எங்கே இருக்கிறதோ அங்கேயே நில். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் பழகினோம். உங்களுக்குச் சுவர் இருக்கிறது, திரும்புகிறீர்கள். சுவர் இருப்பது உங்கள் சாமர்த்தியம் இல்லை.

இதை விழாவுக்கு முன்பே சொல்லத்தான் உன்னிடம் வந்தேன். "இப்ப என்ன கதை? விசிலைக் கேட்டு நட, போதும்" என்று முதுகைக் காட்டிக்கொண்டு போனாய்.

இன்னொரு விஷயம். நாங்கள் நிற்பது உங்கள் பெண்களுக்கு விளையாட்டாகிவிட்டது. இன்று கடைசி மணி அடித்ததும் வராந்தாவில் ஒருத்தி விசில் ஊதினாள். எங்கள் சுண்டெலி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைச் சாய்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். சட்டை முழுக்கத் தண்ணீர். "பாருங்கடி, பேட்டரி தீர்ந்துபோச்சு!" என்றாள் ஒருத்தி. "பட்டன் எங்கடி இருக்கு, தேடு" என்று இன்னொருத்தி அவள் தலையில் தட்டினாள்.

சுண்டெலி ஒன்பதாம் வகுப்பு, எங்களில் சின்னவள். எங்களை ஆளுக்கொரு பிரிவில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மாலை பேண்டில்தான் பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். அதற்காகத்தான் உங்களைச் சகித்துக்கொண்டிருக்கிறோம். போகமாட்டோம். நீ விசிலை மாற்று.

நீலச் சீருடைக்காரி
(உங்கள் பச்சையைத் தைத்துத் தரும்வரை)


ஜூலை 5, வெள்ளி

நீலச் சீருடைக்காரிக்கு,

விசிலை மாற்று என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். இன்னும் எதை எதை மாற்ற?

உங்களுக்கு இடம் வேண்டும் என்று என் பேண்டிலிருந்து ஆறு பேரை மாஸ்டர் எடுத்துவிட்டார். யாராவது உன்னிடம் சொன்னார்களா? அதில் ஒருத்தி என் சித்தி மகள். ஒரே வீட்டில் இருக்கிறோம். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல், "உன் விருந்தாளிங்க நல்லா அடிக்கிறாங்களா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்கிறாள். எங்கள் பேண்ட் அறை உங்களுக்கு வகுப்பறை ஆகிவிட்டது. நாங்கள் சைக்கிள் ஷெட்டில் நின்று டிரம் அடிக்கிறோம். மழை பெய்தால் தகரம் எங்களைவிட நன்றாக அடிக்கிறது. நீங்கள் எங்களைச் சகித்துக்கொள்கிறீர்களாம்!

வராந்தாவில் ஊதியது எங்கள் பெண்கள்தான். மறைக்கவில்லை. சிரிப்பு வந்தது, சிரித்தோம். நானும்தான். நனைந்த சட்டை காய்ந்திருக்கும்.

உன் ஆட்களைத் தினமும் பயிற்சி முடிந்ததும் என்னிடம் விடு. ஊதி ஊதியே அந்தப் பழக்கத்தை எடுத்துவிடுகிறேன். மூடிப்போன பள்ளிக்கூடத்துக்காக இன்னும் எத்தனை நாள் நிற்கப்போகிறார்கள்?

விசில் வைத்திருப்பவள்


ஜூலை 9, செவ்வாய்

உனக்கு,

உன் பெயருக்கு முன்னால் மரியாதையாக ஒரு வார்த்தை போட இன்று கை வரவில்லை.

நேற்று பேண்ட் முடிந்து சுண்டெலி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். நீளமாக ஒரு விசில். அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். வேன் வருவது அவளுக்குத் தெரிகிறது. கண் அதைத்தான் பார்க்கிறது. கால் நகரவில்லை. வேன்காரர் பிரேக்கை மிதித்தும் பக்கக் கண்ணாடி அவள் தோளில் இடிக்க, குப்புற விழுந்தாள். முழங்கால் கிழிந்து நான்கு தையல்.

அவள் அப்பா பக்கத்துச் சந்தில் தையற்கடை வைத்திருக்கிறார். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். "போதும்மா. இனி மணி அடிச்சா நேரா வீடு. பேண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான்தானே அவளைப் பேண்டில் சேர்த்தேன்.

ஊதியது யார்? எனக்குப் பெயர் வேண்டும். நாளை மாலைக்குள் பெட்டியில் இல்லையென்றால் தலைமையாசிரியையிடம் உன் பெயரைச் சொல்வேன். அன்றைக்குச் சிரித்தேன் என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். அந்தக் கடிதமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.


ஜூலை 10, புதன்

தலைமையாசிரியையிடம் போவதற்கு முன் இதைப் படி.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எங்கள் பெண்களை ஷெட்டில் வரிசையாக நிறுத்தினேன். என் சித்தி மகள் உட்பட. ஒருத்தியும் ஊதவில்லை என்றார்கள். நான் நம்பவில்லை. உனக்காக இல்லை, எனக்குத் தெரிய வேண்டும் என்று வாசல் காவலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான்தாம்மா ஊதினேன். பொண்ணு அசைஞ்சு அசைஞ்சு போகுது, வேன் வருது. சீக்கிரம் போகட்டும்னு ஊதினேன். ஊதினா எல்லாரும் ஓடத்தானே செய்வாங்க? இவ கல்லா நின்னுட்டா. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல."

இப்போது யார் பெயரைச் சொல்லப்போகிறாய்? லாரியிடமிருந்து காப்பாற்றக் கற்றுக்கொடுத்ததுதான் அவளை வேன் முன்னால் நிறுத்தியது. கடிதம் எழுதி உன் பழைய மைதானத்தைத் திட்டு.

வராந்தாவில் இனி யாரும் ஊதமாட்டார்கள். சொல்லிவிட்டேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைக்காதே.

விசில் வைத்திருப்பவள்


ஜூலை 18, வியாழன்

விசில் வைத்திருப்பவளுக்கு,

காவலாளியை நானும் பார்த்தேன். நீ எழுதியது உண்மை. அதை ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை. ஆனாலும் உண்மை.

சுண்டெலியின் அப்பாவிடம் போய் நின்றேன். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, "விசில் கேட்டா நகருவான்னு என் கண்ணால பார்க்கணும். அப்புறம் அனுப்புறேன்" என்றார். ஒரு விசில் வாங்கினேன். அவர்களை உன்னிடம் விட மனம் வரவில்லை. நானே பழக்கினேன். மாலையில் நீங்கள் ஷெட்டில் அடித்துக்கொண்டிருந்தபோது, அவர் கடைச் சந்தில் பத்துப் பேரையும் நடக்க வைத்து ஊதினேன். முதல் நாள் எல்லாரும் நின்றார்கள். ஊதிய நானே நின்றுவிட்டேன். பிறகு கையைக் கோத்துக்கொண்டு நடந்தோம். ஒருத்தி நின்றால் மற்றவர்கள் இழுக்க வேண்டும். ஒவ்வொருத்தியாகப் பழகினார்கள்.

கடைசிவரை நின்றவள் சுண்டெலிதான். கட்டுப்போட்ட காலோடு நின்றுகொண்டு, "நிக்காமப் போனா நம்ம ஸ்கூல்ல திட்டுவாங்களேக்கா" என்றாள். "எந்த ஸ்கூல்டி?" என்று கத்திவிட்டேன். நேற்று ஊதினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து சந்தின் முனைக்குப் போய்விட்டாள். அவள் அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார். மற்ற ஒன்பது பேரும் கை தட்டினார்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை. எங்கள் பள்ளிக்குப் பூட்டுப் போட்டது கோடையில். அது மூடியது நேற்றுத்தான், அதுவும் என் கையால்.

நாளை மாலை அந்தப் பத்துப் பேரும் உன்னிடம் வருவார்கள். நீ ஊதினால் திரும்புவார்கள். சுண்டெலியை ஓரத்தில் நிறுத்து, முழங்கால் இன்னும் மடங்கவில்லை.

நான் வரவில்லை. என் காலும் பழகிவிட்டது, காரணம் அது இல்லை. அந்தச் சின்னவள் நனைந்து நின்றபோது நீ சிரித்தாய். மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றும் எழுதினாய். உன் விசிலுக்கு நடக்க எனக்கு மனசில்லை.

பதில் எழுதாதே. மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், இனி எழுதவும் வேண்டியதில்லை.

பத்துப் பேரின் அக்கா