திறக்கலாமா என்று கேட்கும் சிறுமி

ஐப்பசி 9, செவ்வாய். டப்ளின்.

அரசின் பொறுப்பில் வளரும் அந்தப் பத்து வயதுச் சிறுமியை, மாவட்டத்தின் தன்னார்வப் பார்வையாளனாக இன்று சந்தித்தேன். அவள் பெயரை இங்கும் எழுதமாட்டேன். நான் ஏற்ற உறுதிமொழி அப்படி. இரண்டு ஆண்டுகளாக ஒரே வளர்ப்பு வீடு. பள்ளி வருகை, எடை, பல் மருத்துவம் என அறிக்கையின் எல்லாக் கட்டங்களிலும் பச்சை. ஆகவே, மாதந்தோறும் நிகழும் சந்திப்பை ஆண்டுக்கு இரண்டாகக் குறைப்பதா என்று நாளை முடிவெடுப்பார்கள்.

நான் அமர்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் மூன்று முறை, குளிர்பதனப் பெட்டியைத் திறக்கலாமா என்று வளர்ப்புத் தாயிடம் கேட்டாள். அவரும் மூன்று முறையும் அன்போடுதான் தலையசைத்தார். பிறகு ஏன் கேட்கிறாள்? முந்தைய வீட்டில் பெட்டிக்குப் பூட்டு இருந்ததோ? அவளிடமே கேட்டிருக்கலாம். மேடையில் ஆயிரம் பேர் முன் தடுமாறாத என் நா அங்கே எழவில்லை.

மாவட்ட அலுவலர் கவிதாவைத் தொலைபேசியில் அழைத்தேன். இங்கே குடியேறிய கோவைக்காரர்.

"அது குட் மேனர்ஸுங்க அண்ணா. எம் பையன் ஒரு நாளாச்சும் அப்படிக் கேட்டான்னா கோயில்ல தேங்கா உடைப்பேனுங்க."

"உங்கள் மகன் ஏன் கேட்பதில்லை, அம்மா?"



"அது அவன் வீடுங்களே," என்றார். பிறகு, "ஃபார்ம்ல இதுக்கெல்லாம் கட்டம் இல்லீங்க. ரிமார்க்ஸ்ல ஒரே லைன்தான். மேடைப் பேச்செல்லாம் எழுதிப் போடாதீங்க."

எழுதினேன்: 'பெட்டியைத் திறக்க இன்னும் அனுமதி கேட்கிறாள், கேளாமல் திறக்கும்வரை சந்திப்பைக் குறைக்க வேண்டா.'

கடைசிச் சொல் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. போகட்டும்.