நாவலேந்தல் காலனிக் கிணற்றின் பூட்டைத் திறக்க வேண்டி

அனுப்புநர்
ச. ரோஜா,
த/பெ சவுரிராயன்,
பதினொன்றாம் வகுப்பு மாணவி,
மாதா கோயில் தெரு, காலனி,
நாவலேந்தல், திண்டிவனம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து நடைபெறும் ஒருங்கிணைந்த நீர் மேலாண்மைத் திட்டத்திற்காகப் பூட்டப்பட்ட எங்கள் குடிநீர்க் கிணற்றை, விருந்தினர் வருகைக்கு முன்பாகத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் தந்தை குறைதீர் நாளில் அளித்த மனுவும், அதற்குத் திட்ட அலுவலகம் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மனு எழுதுவது இதுவே முதல்முறை. முறையில் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். செய்தியில் தவறு இல்லை.

1. எங்கள் காலனிக்கு நல்ல தண்ணீர் தரும் கிணறு ஒன்றுதான். தெருக்குழாய் உண்டு. ஆனால் ஊர்த்தொட்டியிலிருந்து வரும் குழாயின் கடைசியில் நாங்கள் இருப்பதால், பெரும்பாலும் காற்றுதான் வரும்.

2. சென்ற ஆண்டு தை மாதம் திட்ட அலுவலர்களும் வெளிநாட்டு ஆய்வாளர் அம்மையார் ஒருவரும் எங்கள் கிணற்றைப் பார்வையிட்டார்கள். ஏரிக்கு வரும் ஓடையில் தடுப்பணை கட்டி நிலத்தடி நீரை உயர்த்தப் போவதாகவும், உயர்வதை அளக்க ஒரு கிணறு வேண்டும் என்றும் சொன்னார்கள். அளக்கும் கிணற்றில் மோட்டார் இருக்கக் கூடாதாம். ஊரில் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் இருந்தது. மோட்டார் வைக்க வசதியில்லாத எங்கள் கிணறு தேர்வாயிற்று. கருவியை இறக்கி, மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டினார்கள். ஒரு மழைக்காலம் வரைக்கும்தான் என்றார்கள்.

அந்த அம்மையாரைப் பற்றி எனக்குக் குறை இல்லை. பூட்டுவதற்கு முன் எங்கள் வாளியிலிருந்தே தண்ணீர் வாங்கிக் குடித்து, இனிப்பாக இருக்கிறது என்றார். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கடைசியாகக் குடித்தவர் அவர்தான்.

3. மழைக்காலம் முடிந்தும் பூட்டுத் திறக்கப்படவில்லை. கருவியைப் பார்க்க வரும் திட்டப் பணியாளர் திரு. புகழேந்தியிடம் கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கயிறு உள்ள போனாலே ரீடிங் பேஜாராயிடும் பாப்பா. அப்புறம் மேல இருக்கறவங்க என் கழுத்தத்தான் புடிப்பாங்க." அவரும் தினக்கூலிதான். அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம்.

4. கிணறு பூட்டப்பட்ட நாளிலிருந்தே காலனிப் பெண்கள் நெடுஞ்சாலையைக் கடந்து, எதிர்ப்புறம் உள்ள திரு. ஆதிநாராயணன் அவர்களின் மோட்டார் கொட்டகைக்குப் போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள். அவர் தடுத்ததில்லை. "ஜல்தியா புடிச்சிக்கினு போங்கம்மா, கரண்ட் போயிட்டா நா என்னா பண்றது" என்பார். விவசாய மின்சாரம் ஒரு வாரம் காலையில் வரும், மறுவாரம் மாலையில் வரும். வரும் நேரத்தில் ஓட வேண்டும்.

5. என் அம்மாவின் தங்கை ஆரோக்கியசெல்வி எங்கள் வீட்டில்தான் இருந்தார். புதுப் பூட்டைப் பார்த்தபோது, "பீரோவுக்குப் போடற பூட்டப் போட்டுக்கீறாங்க பாரு. நம்ம தண்ணிக்கு வந்த வாழ்வு!" என்று சொல்லித் தெருவையே சிரிக்க வைத்தவர். எனக்குப் பொதுத்தேர்வு என்பதால், மாசி மாதத்திலிருந்து என் குடத்தையும் சேர்த்து அவரே தூக்கினார். தேர்வு முடிந்த பிறகும், "நீ படிச்சிக்கினு இரு, நான் போயாறேன்" என்றார்.

கடந்த மே மாதம் ஒரு விடியற்காலை, தண்ணீரோடு திரும்புகையில் அவர் மேல் லாரி மோதியது. முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. சாலையைக் கடக்கும்போது இறந்தார் என்று பதிவாகியுள்ளது. அது சரிதான். ஏன் கடந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு குடம் உடைந்துவிட்டது. மற்றொன்று சாலை நடுவில் உள்ள அரளிச் செடிகளில் மாட்டி நின்றது; அதில் பாதித் தண்ணீர் இருந்தது. அம்மா அதை வீட்டுக்கு எடுத்து வந்தார். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை, கொட்டவும் இல்லை.

6. கிணற்றைத் திறக்கக் கோரி என் தந்தை சித்திரையில் தந்த மனுவிற்கு, அடக்கம் முடிந்த மறுவாரம் திட்ட அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. "மேற்படி கிணற்றில் நீர்மட்டம் திருப்திகரமாக உள்ளது" என்பதே அந்தப் பதில்.

7. ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் நடந்த விழாவில், திட்டத்தின் வெற்றியைத் திரையில் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அளந்த ஊர்க் கிணறுகளின் நீர்மட்டக் கோடுகளெல்லாம் கோடையில் கீழே இறங்கின. எங்கள் கிணற்றின் கோடு மட்டும் மேலே ஏறியது. தடுப்பணையால் வந்த பலன் என்று சொல்லி, இதைப் பல நாடுகளுக்கு எடுத்துச் செல்லப் போவதாக அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஐயா, ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறேன். இங்கே தடுப்பணையும் கட்டினார்கள், கிணற்றையும் பூட்டினார்கள். இறைக்காத கிணற்றில் தண்ணீர் ஏறத்தானே செய்யும்? அது தடுப்பணை தந்த தண்ணீரா, நாங்கள் குடிக்காத தண்ணீரா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. இதே முறையில் வேறு நாடுகளிலும் கிணறுகளைப் பூட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

8. திட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் ஊருக்குத் தடுப்பணை தேவைதான். காலையிலும் மாலையிலும் கிணற்றைத் திறந்துவிட்டால் போதும். எத்தனை குடம் இறைத்தோம் என்பதை நானும் என் வகுப்பு மாணவிகளும் எழுதித் தருகிறோம். அதைக் கழித்துப் பார்த்தால் உண்மையான கணக்கு கிடைக்கும். இந்த மனுவை ஆங்கிலத்திலும் எழுதி இணைத்துள்ளேன். அதை அந்த அம்மையாருக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். கிணற்றருகே உள்ள பலகையில் இரு நாட்டுச் சின்னங்களும் உள்ளன, முகவரி இல்லை.

9. வரும் 18ஆம் தேதி வெளிநாட்டு விருந்தினர்கள் கிணற்றைக் காண வருகிறார்கள். வலைக்கு வர்ணம் அடித்தாகிவிட்டது. எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால், வரவேற்புரை வாசிக்கத் தலைமையாசிரியர் என்னைத் தேர்ந்தெடுத்துள்ளார். திட்ட அலுவலகம் எழுதித் தந்த அந்த உரையில், "மக்களின் முழு ஒத்துழைப்பால் இக்கிணற்றில் நீர் உயர்ந்தது" என்று ஒரு வரி வருகிறது.

எனவே, அந்த நாளுக்கு முன்பாகப் பூட்டைத் திறக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். திறந்துவிட்டால், கயிறும் வாளியும் கிணற்றுக்குள் இறங்குவதை விருந்தினர்கள் பார்க்கும்படி நின்று, முழு உரையையும் மகிழ்ச்சியோடு வாசிப்பேன். திறக்க இயலாது என்றால், அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, அந்த இடத்தில் என் சித்தி ஆரோக்கியசெல்வியின் பெயரை மட்டும் வாசிக்க எனக்கு அனுமதி தருமாறு வேண்டுகிறேன்.

இடம்: நாவலேந்தல்
நாள்: 07.07.2025

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
ச. ரோஜா