அசையாத மரபணு

நாரை விண்கலம். திசு ஆய்வறைக் குறிப்பேடு.
எழுதுபவர்: ஜெசிந்தா மச்சாது.

பயண நாள் 131. 07:10

மூன்று பேரும் உறங்குகிறார்கள். உடல் வெப்பம் 31.2, 31.0, 31.3. நாடி நிமிடத்துக்கு ஒன்பது. வயிற்றிலிருந்து வாராந்திரக் கொழுப்புத் திசு எடுத்தாயிற்று. ஊசி குத்தியதற்கு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இப்படிப்பட்ட நோயாளிகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

முன்பின் தெரியாத ஒருவர் படித்தாலும் விளங்கும்படி எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே எழுதுகிறேன். செவ்வாய்க்குப் பத்து மாதப் பயணம். தலைவர் மாதேஸ்வரன், பொறியாளர் இளவேனில், மருத்துவர் நூர்தீன் மூவரும் ஆளுக்கு முப்பது கிலோ கொழுப்பு ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நான் மட்டும் விழித்துக் காவலிருக்கிறேன். குளிர்காலத்துக்கு முன் கரடி செய்வதும் இதைத்தான். மனிதன் அப்படிப் பெருத்தால் கொழுப்பில் அழற்சி கிளம்பி, சர்க்கரை, ஈரல், இதயம் என்று ஒவ்வொன்றாகக் கெடுக்கும். கரடிக்கு ஒன்றும் ஆகாது. அதன் கொழுப்பில் அழற்சி மரபணுக்கள் வாயைத் திறப்பதில்லை. மனிதக் கொழுப்பிலும் அவற்றின் வாயை அடைக்கும் மருந்தை நான் கண்டுபிடித்தேன். பதினெட்டு எழுத்தில் அதற்கு அழகான பெயர் வைத்தேன். எல்லோரும் கரடி மருந்து என்கிறார்கள். இந்த மூவருக்கும் அதைத்தான் செலுத்துகிறேன்.

என் வேலை அளப்பது. பன்னிரண்டு அழற்சி மரபணுக்கள் எவ்வளவு உரக்கப் பேசுகின்றன என்று பார்க்க வேண்டும். ஒப்பிட ஏதாவது வேண்டுமே. என்ன நடந்தாலும் ஒரே குரலில் பேசும் அசையாத மரபணு ஒன்று உண்டு. அதன் அளவால் மற்றவற்றை வகுக்கிறேன். விடை ஒன்றுக்குக் கீழே என்றால் திரையில் பச்சை, மேலே என்றால் சிவப்பு. சென்ற வாரம் 0.66. இந்த வாரம் 0.61.

என் முதல் பன்னிரண்டு வார எண்களைப் பார்த்துத்தான் பூமியில் மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இப்போது இரண்டு லட்சம் பேர் வாரம் ஓர் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். தூத்துக்குடியில் என் தம்பி கிளிட்டஸும் ஒருவன். நூற்று முப்பத்தெட்டு கிலோ, ஒன்பது வருடச் சர்க்கரை. அவன் முதல் ஊசி போட்டது பயண நாள் 92 அன்று.

பயண நாள் 138. 07:25

மாதேஸ்வரனின் இடது கணுக்கால் லேசாக வீங்கியிருக்கிறது. படுக்கைப் பட்டை இறுக்கமாக இருந்திருக்கலாம். தளர்த்தினேன். திசு எண் 0.55. பச்சை.

தம்பியின் குரல் செய்தி, அப்படியே:

"ஏக்கா, நாந்தான். சுகரு முந்நூத்தி இருவதுல இருந்து நூத்திப் பதினெட்டுக்கு வந்துட்டு. டாக்டரம்மாவே நம்ப மாட்டேங்குதாவ. படகு இஞ்சின் ரிப்பேருக்கு வாறவன் போறவன்ட்டல்லாம் எங்க அக்கா மருந்துன்னு சொல்லிட்டுக் கெடக்கேன். ஒங்க அக்கா மருந்து கண்டுபிடிச்சது நீங்க பிரியாணி திங்கதுக்கு இல்லன்னு டெய்சி ஏசுதா. நீ நேரத்துக்குச் சாப்புடுதியா?"

டெய்சி அவன் மனைவி. நான்கு முறை கேட்டேன். அப்பா ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரையில்தான் போனார். இவனுக்கு நாற்பத்தொன்பது.

பயண நாள் 145. 08:40

0.50. இதுவரை வந்ததிலேயே நல்ல எண்.

மூவரின் உடல் வெப்பமும் அரை டிகிரி ஏறியிருக்கிறது. இளவேனிலின் ஈரல் நொதி இரண்டு மடங்கு. மாதேஸ்வரனின் கால் இன்னும் வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. பட்டை தளர்ந்து ஒரு வாரம் ஆகிறது. உடம்பு ஒன்று சொல்கிறது, திரை ஒன்று சொல்கிறது.

அதே நாள். 13:15

வகுத்த எண்ணை விட்டுவிட்டு, வகுப்பதற்கு முன் கருவி எழுதிவைத்த மூல எண்களைப் பார்த்தேன். யாரும் அதைப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

அசையாத மரபணு அசைந்திருக்கிறது. நூறாவது நாள் வரை நேர்கோடு. அதன் பிறகு ஏற்றம். இன்றைக்கு ஆறு மடங்கு.

ஊரில் மீன் ஏலத்தில் எடைக்கல் கனத்தால் மீன் குறைந்ததாகத்தான் தெரியும். அதேதான் இது. ஆறு மடங்கு பெருத்த ஒன்றால் வகுத்து 0.5 வந்தால், உள்ளே இருப்பது மூன்று மடங்கு அழற்சி. ஆறு வாரமாக இவர்கள் கொழுப்பு தீப்பற்றி எரிகிறது, நான் பச்சை, பச்சை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மருந்து நூறு நாள் வரை வேலை செய்கிறது. அதன்பின் திரும்பிக்கொள்கிறது. திரும்பும்போது அளவுகோலையும் சேர்த்து இழுத்துப்போகிறது. பூமியில் எங்கள் சோதனை தொண்ணூறு நாளோடு முடிந்தது.

அதே நாள். 16:00

எழுதியே ஆக வேண்டிய ஒன்று. மூன்று அசையாத மரபணுக்களை அளந்து சராசரி எடுப்பதுதான் முறை. ஒன்று அசைந்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். கலத்தின் எடையில் ஒரு கிலோ நானூறு கிராம் மிச்சம் பிடிக்க, இரண்டை நீக்கச் சொன்னவள் நான். கூட்டத்தில் நூர்தீன் மட்டும் எதிர்த்தார். அவருக்கு நான் சொன்ன பதில் நினைவில்லை. நான் சிரித்ததும், என்னோடு சேர்ந்து எல்லோரும் சிரித்ததும் நினைவிருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்று மற்றவர்களிடம் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். சறுக்கிய யானையின் காலடியில் மூன்று பேர் கிடக்கிறார்கள் என்றால் யாரிடம் போய் ஆறுதல் கேட்பது?

மூல எண்கள் முழுவதையும் பூமிக்கு அனுப்பினேன். மூவரையும் எழுப்ப அனுமதி கேட்டேன். இங்கே ஊசியை நிறுத்திவிட்டேன்; பூமியிலும் உடனே நிறுத்தச் சொன்னேன். தம்பிக்குத் தனியாக ஒரு வரி: "கிளிட்டஸ், இனி அந்த ஊசியைப் போடாதே."

பயண நாள் 147. 09:30

தம்பிக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. மருந்து எடுத்துக்கொள்பவருக்கு மருத்துவத் தகவல் தனிச் செய்தியாகப் போகக் கூடாதாம். கலத்திலேயே இருக்கும் செய்தி வடிகட்டியில் சிக்கியிருக்கிறது. வேறு சொற்களில் மூன்று முறை அனுப்பினேன். மூன்றும் திரும்பின.

திட்ட இயக்குநர் கோதண்டபாணியின் பதில்:

"ஜெசிந்தா, உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். நீங்க சொல்றது ஒரு கருத்துதான். நம்ம சோதனையில அந்த மரபணு ஒரு தடவகூட அசையல. நூத்தி நாப்பது நாளா தனியா இருக்கீங்க, அதையும் யோசிங்க. பச்சையா இருக்கறப்ப யாரையும் எழுப்பக் கூடாதுன்னு விதி எழுதினதே நீங்கதானே. ரெஸ்ட் எடுங்க. அடுத்த வாரம் ரீடிங் பாத்துட்டுப் பேசலாம்."

அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கடுமையாக.

விதி என்னுடையதுதான். தரைச் சோதனையில் காவலிருந்த ஒருவர் தனிமை தாங்காமல், நன்றாக உறங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டார். எழுந்தவரின் இதயம் நின்றுபோனது. அதனால் பூட்டு வைத்தேன். திசு எண் சிவப்பானால் படுக்கை தானே திறக்கும். பச்சையாக இருந்தால் பூமிதான் திறக்க வேண்டும். காவலிருப்பவள் கையில் எதுவும் இல்லை.

பயண நாள் 151. 06:50

மாதேஸ்வரனின் பாதம் கறுக்கத் தொடங்கிவிட்டது. படம் எடுத்து அனுப்பினேன். ஆய்வுக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

படுக்கைகளைத் திறக்க ஒரே வழிதான் இருக்கிறது. எண்ணை நானே சிவப்பாக்க வேண்டும்.

முப்பது வருடத்தில் ஓர் எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை. வரைபடத்தில் ஒத்துவராத ஒரே ஒரு புள்ளியை அழித்ததற்காக ஆய்வு மாணவி ஒருத்தியின் ஓராண்டு வேலையைத் திருப்பி அனுப்பினேன். அவள் என் அறை வாசலில் நின்று அழுதாள். நான் கதவைச் சாத்தினேன்.

அதே நாள். 11:05

அசையாத மரபணுவை அளக்கும் பிரைமர் திரவக் குப்பியில் பெருமளவு தண்ணீர் கலந்தேன். இனி கருவிக்கு அந்த மரபணுவின் குரல் சரியாகக் கேட்காது. வகுக்கும் எண் சுருங்கும், விடை ஏறும். குப்பியைக் கருவியில் வைத்து ஓட்டினேன்.

3.4. சிவப்பு.

பொய்யான முறையில் ஏறக்குறைய உண்மையான எண். மூன்று படுக்கைகளின் பூட்டும் திறந்துகொண்டது. வெப்பமேற்றும் கருவி ஒன்றுதான். ஓர் ஆளுக்கு ஆறு நாள். மாதேஸ்வரனுக்குத்தான் அவசரம். ஆனால் அவர் காலைப் பார்க்க மருத்துவர் வேண்டும். நூர்தீனை முதலில் வைத்தேன். இது சரியா என்று தெரியவில்லை.

11:40. கோதண்டபாணி: "சிவப்பு பாத்தோம். நீங்க சொன்னது சரியா இருக்கும்போல. எழுப்புங்க. பூமியில ஊசிய நிறுத்தறது பத்தி இன்னிக்கே பேசறேன்."

ஆறு நாள் கெஞ்சியதில் நடக்காதது ஒரு குப்பித் தண்ணீரில் நடந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில்தான் அழுதேன்.

பயண நாள் 157. 10:20

நூர்தீன் எழுந்துவிட்டார். பேச்சு குழறுகிறது, கை கால் அசைகிறது. மாதேஸ்வரன் இப்போது கருவியில்.

10:55. பூமியிலிருந்து:

"ஜெசிந்தா, ஒரு விஷயம் கேக்கணும். உங்க கருவி எவ்வளவு பிரைமர், எவ்வளவு தண்ணி செலவாச்சுன்னு தானா எங்களுக்கு அனுப்பும், தெரியுமில்ல? நூத்தி அம்பத்தொண்ணாம் நாள் கணக்கு ஒத்து வரல. அந்தக் குப்பியில நீங்க என்ன கலந்தீங்க?"

தெரியும். எனக்குத் தெரியும். அந்த ஏற்பாட்டையும் செய்யச் சொன்னது நான்தான்.

உண்மையைச் சொன்னேன். என்ன கலந்தேன், ஏன் கலந்தேன், மூல எண்களில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை, எல்லாவற்றையும்.

பயண நாள் 158. 12:00

கோதண்டபாணியின் பதில்:

"உங்க வாக்குமூலம் கிடைச்சுது. விசாரணை முடியறவரைக்கும் நீங்க அனுப்பின எந்த எண்ணையும் நாங்க எடுத்துக்க முடியாது. மூல எண்களும் அதுல சேர்த்திதான். எது உண்மை, எது கலந்ததுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பூமியில இருக்கற ரிப்போர்ட் எல்லாம் பச்சையா இருக்கறதால ஊசி தொடரும். உங்க வெளிச் செய்தி வசதிய இன்னியிலிருந்து நிறுத்தறோம். வர்ற செய்திகள் வரும். மன்னிச்சுக்குங்க ஜெசிந்தா."

பூமியின் ரிப்போர்ட்டுகள் பச்சையாகத்தான் இருக்கும். அங்கேயும் அதே ஒரு மரபணுவால்தான் வகுக்கிறார்கள். என் முறை.

பயண நாள் 164. 18:30

மாதேஸ்வரனின் பாதத்தை நூர்தீன் எடுத்துவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆறு நாள் முன்னால் அவரை வைத்திருந்தால் பாதம் இருந்திருக்கலாம். 

மூல எண்களை நூர்தீன் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். பிறகு மருத்துவ அறை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். அவர் சொன்னதை எழுதிவைக்கிறேன்:

"மேடம், நீங்க எங்களக் காப்பாத்திட்டீங்க. அதுக்கு அல்லாஹ்தான் கூலி தரணும். ஆனா நான் கீழ உக்காந்திருந்தா, நானும் உங்கள நம்பமாட்டேன்."

கோபமில்லாமல் சொன்னார். கூட்டத்தில் நான் சிரித்ததை அவர் பேச்சில் எடுக்கவேயில்லை. எடுத்திருக்கலாம்.

பயண நாள் 172. 09:00

இளவேனிலும் எழுந்துவிட்டாள். ஈரல் தேறும் என்கிறார் நூர்தீன். நால்வருக்கும் அரை வயிற்று உணவு. மூவரும் தங்கள் கொழுப்பில் காலம் தள்ளலாம். ஒட்டி உலர்ந்தவள் நான் மட்டும்தான் என்று இளவேனில் கேலி செய்தாள். சிரிக்க முயன்றேன்.

நூர்தீன் புதிதாகத் திசு எடுத்து, தானே அளந்து, தன் பெயரில் அனுப்பினார். பதில்:

"டாக்டர் நூர்தீன், கருவியும் பிரைமரும் அவங்க பொறுப்புலதான் இருந்துச்சு. இருந்தாலும் விசாரணைக் குழு முன்னாடி வைக்கறோம். குழு பயண நாள் இருநூத்தி ஏழு அன்னிக்குக் கூடுது."

கிளிட்டஸின் நூறாவது நாள், பயண நாள் 192. இதைப் பூமியில் சொல்ல யாருமில்லை. அவன் பெயரைக் குறிப்பிட்டு நூர்தீன் எழுதிய கடிதமும் வடிகட்டியில் நின்றுவிட்டது.

பயண நாள் 180

நேரம் பார்க்கவில்லை. குழுவுக்கு மூவரும் தினமும் எழுதுகிறார்கள். இளவேனில் எழுதுகிறாள். ஒரு பாதத்தோடு மாதேஸ்வரனும் எழுதுகிறார். "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று வருகிறது.

இதை எப்போதோ படிக்கப்போகிறவரே, உங்கள் ஊரில் கரடி மருந்து இன்னும் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். என்னை நம்ப வேண்டாம். வகுக்காத எண்களை மட்டும் பாருங்கள்.

பயண நாள் 192. 11:30

தம்பியிடமிருந்து செய்தி. அப்படியே:

"ஏக்கா. ஒன்னயப் பத்திப் பேப்பர்ல போட்ருக்கான். டிவியிலயும் சொல்லுதான். நீ கள்ளக் கணக்கு எழுதிட்டியாம். நம்ம கோயில் வாசல்ல வச்சு ஒருத்தன் எங்கிட்டயே கேட்டான். அவன் சட்டயப் புடிச்சிட்டேன். அவன் கெடக்கான். டெய்சி பயப்படுதா, அந்த ஊசி வேண்டாம், நிறுத்திருங்கன்னு அழுதா. நான் சொல்லிட்டேன், ஊரே நிறுத்துனாலும் நான் நிறுத்த மாட்டேன். நான் நிறுத்துனா, நானும் எங்க அக்காவ நம்பலன்னு ஆயிரும்லா? ரிப்போர்ட்டுல்லாம் பச்சையாத்தான் இருக்கு. கால்தான் லேசா வீங்குது, அது நாள் முழுக்க நிக்கேன்ல. நீ ஒண்ணுக்கும் கலங்காத. நாளைக்குக் காலையில அடுத்த ஊசி. ஒனக்காகவே போட்டுக்கிடுதேன்."

11:38. பதில் அனுப்பினேன். மறுப்பு.

11:39. அனுப்பினேன். மறுப்பு.

11:41. நூர்தீன் கணக்கில் அனுப்பினேன். வடிகட்டி. மறுப்பு.

11:44. நான் கள்ளக் கணக்குத்தான் எழுதினேன், என்னை நம்பாதே என்று எழுதினேன். அதில் மருத்துவச் சொல் ஒன்றுகூட இல்லை. மறுப்பு.

11:45. மறுப்பு.

11:47. கிளிட்டஸ், டெய்சி சொல்வதைக் கேள்.

11:47. கேள், தம்பி. என்னை