பாட்டுக்காக அடைத்த இஸ்தோப்பு

என் உயிருக்கு உயிரான செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாளாகிவிட்டது. செல்வி பள்ளிக்கூடம் போகிறாள். மழை விடவில்லை. நம் வீட்டு இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையை அடைத்து, நீங்கள் கட்டிய பாட்டு அறை அப்படியே நிற்கிறது. கிராமபோன் வைக்கச் செய்த மேசைக்கு இன்னும் ஒரு கால் பூட்டவில்லை.

ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை அந்தக் கிராமபோனை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் இருக்கிறது, ஆனால் சுவர் கூரையைத் தொடாது. ஒருத்தர் இருமினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். இந்தச் சத்தத்தில் எப்படிப் பாட்டுக் கேட்பது என்று, இஸ்தோப்பை அடைத்துக்கொள்ளத் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்டீர்கள். தோட்டத்து ஆசாரி நீங்கள் கேட்டால் அவர் மறுப்பாரா? உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளையும் கொடுத்தார்.

“புள்ள, அந்த மூலைல நில்லு. கையத் தட்டுறேன், எத்தன கேக்குது?”

“ரெண்டு கேக்குதுங்க” என்றேன்.

“நான் ஒண்ணுதான் தட்டினேன். மத்தது செவுரு தட்டுது. அதோட வாய மூடணும்.”

பலகையில் ஒட்டியிருந்த ஈயத்தாளை எல்லாம் உரித்தீர்கள். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிச் சட்டம் அடித்து, இடையில் தேங்காய் நாரும் கிழிந்த கம்பளியும் திணித்தீர்கள். அதற்கு மேல் சாக்கு. மழைச் சத்தத்துக்காகத் தகரத்துக்குக் கீழேயும் அப்படியே செய்தீர்கள்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் வயிற்றுப் பிள்ளையோடு வந்து எட்டிப் பார்ப்பாள். “என்னண்ணே, பாட்டுக்குத்தான் இந்த ரூமா? இல்ல, அக்காகிட்ட நீங்க வாங்குற அடி வெளிய கேக்கக் கூடாதுன்னா?”

“ஓ, இத்தன நாளா அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தியா?” என்றீர்கள். மூன்று பேரும் சிரித்தோம்.

சாக்கைத் தைத்தது நான். இழுத்தாலும் பிரியக் கூடாது என்றீர்கள். இரட்டை நூல் போட்டுத் தைத்தேன். கதவுக்கு மேலிருந்த இடுக்கை அந்தச் சனிக்கிழமை மூடினேன்.

மறுநாள் ஞாயிறு. லயத்து ஆட்களோடு நானும் லீவு நாள் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனேன்; செல்வி மைதானத்துக்கு விளையாடப் போயிருந்தாள். மத்தியானம் வந்து கதவைத் திறந்தால் நீங்கள் கீழே கிடந்தீர்கள். நெஞ்சடைப்பு என்றார் ஆஸ்பத்திரி ஐயா. பாக்கியம் வீட்டுப் பக்கத்துச் சாக்கில் உங்கள் விரல்கள் மாட்டியிருந்தன. இழுத்த இழுப்பில் சாக்கு கிழிந்திருந்தது. தையல் விடவில்லை. ஆள் வருவதற்கு முன் விரல்களை எடுத்துவிட்டேன்.

எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்? என்னையா, செல்வியையா?

பழி முழுக்கப் பாக்கியத்தின் மேல் விழுந்துவிட்டது. அன்று லயத்தில் இருந்தது அவள் மட்டும்தான், பிள்ளை பெற்ற இருபது நாள் பச்சை உடம்போடு. “செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசன் உசுருக்குக் கத்தியிருக்கான், இவ தூங்கியிருக்கா” என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் காதுபடவே பேசுகிறார்கள். அவள் குடத்தை வைத்தால் தள்ளி வைக்கிறார்கள்.

“கண்ணு கூட மூடலக்கா. எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா” என்று என் கையைப் பிடித்து அழுதாள். அவளைப் பேசுகிற வரைக்கும் யாரும் என் தையலைப் பேசமாட்டார்கள் என்று இருந்துவிட்டேன். பாவி நான்.

நேற்று வேலை முடிந்து வந்ததும் நேரே அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் என் வாயால் சொல்லாத பேர். தொண்டை கட்டும் வரை கத்தினேன். வெளியே வந்தால் பாக்கியம் அவள் வாசலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“எப்பக்கா வந்தீங்க? இன்னும் மலையில இருந்து எறங்கலன்னுல்ல நெனச்சேன்” என்றாள்.

நாளைக்கு அவள் பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு வருகிறாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடையோடு நிற்பார்கள். அவளை என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லப்போகிறேன். பாக்கியத்துக்குக் கேட்டிருக்காது, கேட்காதபடி தைத்தவள் நான் என்று. நம்பாதவர்கள் வந்து உள்ளே நின்று கத்திப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு பீலிக்கரையில் என் குடத்தைத் தள்ளி வைத்தால் வைக்கட்டும். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதி,
செல்வியின் அம்மா காளியம்மா