நாத்தத்துக்கு ஒரு தோத்திரம்

கரடியூர்
22-4-96

கண்ணு தேவகுமாரிக்கு உன் பெரியம்மா எழுதறது. மாதா புண்ணியத்துல நானும் பெரியப்பாவும் ஆடு குட்டியோட சொகமா இருக்கறோம், லண்டன் குளுருல நீயும் அப்படியே இருக்கோணும்னு தெனமும் செபமால சொல்றேன்.

மூக்கு எப்படியிருக்குன்னு கேட்டிருந்த. திட்டாம படி சாமி. போன வருசம் மூக்குச்சதைய ஆப்பரேசன்ல எடுத்தப்பறம் ஸ்பிரே அடிச்சு அடிச்சு வாசன நல்லாத் தெரிஞ்சுதா, காலைல காபி வாசம் வந்தா எனக்கு மோட்சமே வந்தாப்ல இருக்கும். தவக்காலத்துல எல்லாரும் கறிய விட்டாங்க, நான் கறியே திங்கறதில்ல, எனக்குப் பிரியமானது அந்த வாசந்தானேன்னு ஸ்பிரேய மாதா படத்துக்கிட்ட ஒறுத்தலா வெச்சுட்டேன். பாதித் தவங்கூடத் தாண்டல, மூக்கடச்சு மொகம் வீங்கி வாசன சுத்தமாப் போச்சு. சேலத்து டாக்டரு மாத்தர எழுதிக் குடுத்து, சதை மறுக்கா வளருது, அடங்கலேன்னா திரும்பக் கத்திதான்னுட்டாரு. பெரியப்பா பஸ்ஸுல அந்த மருந்துச் சீட்டையே மறுக்கா மறுக்கா எடுத்துப் பாத்தாரு, அதுதான் எனக்குப் பயமாப்போச்சு. சாமியாருகிட்டச் சொன்னா, ஏம்மா, ஆண்டவரு வாயக் கட்டச் சொன்னாரா மூக்கக் கட்டச் சொன்னாரான்னு சிரிக்கறாரு.

அப்பத்தான் உன் லெட்டரு வந்துச்சு. நீ அங்க படிக்கற படிப்பப் பத்தி, ரத்தத்துல வெள்ளணு ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும், இன்டர்லூக்கின்னு என்னமோ பேரு, அந்தச் சேதி ஓயாததால அணுவெல்லாம் மூக்குல கூடி வீங்குதுன்னு எழுதியிருந்த. எனக்கு நம்ம காவக்காரன் வெள்ளையன் தகரம் தட்டறதுதான் நெனப்பு வந்துச்சு. ராகிக் காட்டுல பன்னி வந்தாத் தட்டறான், சனம் ஓடியாருது, சரி. பன்னி போயும் தட்டிக்கிட்டே இருந்தா ஓடியாந்த சனமே ராகிய மிதிச்சுப் போடுமில்ல? ஸ்பிரேதான் அவங் கையப் புடிக்குது, விட்டா மறுபடி தட்டுவான், அப்படித்தானே கண்ணு?

அன்னையிலிருந்து மாத்தரையும் ஸ்பிரேயும் தவறல. ஈஸ்டருக்கு மக்யாநாளு, திங்கக்கெழம, நல்ல மழை. வாசல்ல நிக்கறேன், எஸ்டேட்டுல குமிச்ச காபித்தோலு அழுகின நாத்தம் குப்புனு ஏறுது! முட்டிபோட்டுட்டேன். நாத்தத்துக்குத் தோத்திரம் சொன்ன மொதப் பொம்பள நீதாண்டின்னு பெரியப்பா சிரிச்சாரு, கண்ணு மட்டும் கலங்கிக் கெடந்துச்சு. டாக்டரும் சதை சுருங்கிருச்சு, இப்போதைக்குக் கத்தி வேண்டாம்னுட்டாரு.

அந்த மழைக்கு இப்பக் காபி பூத்து மலையே வெள்ளையாக் கெடக்குது. நொம்ப வாசம். ஒரு கொத்து இதுல வெச்சிருக்கறேன், மோந்து பாரு. நேரத்துக்குத் தின்னு, ஞாயித்துக்கெழம பூசைய விடாத. மாதா உன்னக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தோணும். மறக்காம ஒண்ணு எழுது, அடுத்த தவத்துக்கு நான் எத விடறது?

உன் பெரியம்மா
சாந்தாமேரி