மார்த்தாவின் இடது கை

அன்பு மாப்ளே முருகேசா,

உன் டபுள் பாஸைக் கொடுத்துவிட்டேன். நேற்று மத்தியானம் என் ஓக்லா குடோனில், மல்லிகா பக்கத்தில் நிற்க, என் கையாலேயே பெட்டியைப் பூட்டி வண்டியில் ஏற்றினேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

கோபப்பட்டால் படு. ஒரு சத்தமாவது கேட்கும். நீ போய் ஒரு குளிர்காலம் முழுசாகக் கழிந்து, இங்கே வெயில் ஏறத் தொடங்கியாச்சு. காலையில் நடக்கப் போன நீ பார்க் பெஞ்சில் உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை என்றார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்போதும் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், "மச்சான், பெட்டியை ஏத்த மாட்டேங்கிறான், நீ பேசு" என்று ஏதோ ஒரு ஏர்போர்ட்டில் கவுண்டர்க்காரனிடம் நீ போனை நீட்டுவாய் என்றுதான் எடுக்கிறேன். எடுத்தால் எவனோ கிரெடிட் கார்டு விற்கிறான்.

டெல்லியில் நம் முதல் முனிர்கா ரூம் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அப்போது சரோஜினி நகர் மார்க்கெட்டில் எக்ஸ்போர்ட்டில் கழித்த சட்டைகளைத் தரம் பிரிக்கிற வேலை. எல்லாரும் சட்டையைப் பார்த்தார்கள், நான் அது வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். அதில் பிழைத்தவன்தான் இன்றைக்குப் பாதி டெல்லி ஏற்றுமதிக்காரர்களுக்குப் பேக்கிங் செய்துகொடுக்கிறேன். நீ லோதி ரோட்டில் மத்திய அரசு கிளார்க். சாயங்காலம் ஹோட்டல் பேண்டில் கிடார். அந்த ஹோட்டல் ஸ்டோர் ரூமில் தூசியோடு கிடந்த இந்த டபுள் பாஸை, ஆள் உயர ராட்சச வயலினை, ஆட்டோவில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு கொண்டுவந்தாயே, நாம் இரண்டு பேர் படுக்கவே அங்கே இடம் கிடையாது.

"இது எங்கடா படுக்கும்?" என்றேன்.

"இது நிக்கும் மச்சான். நாமதான் ஒருக்களிச்சுப் படுக்கணும்."

அன்றைக்கு நீ சும்மா கூப்பிட்ட மச்சானை, பிறகு என் தங்கை மல்லிகாவைக் கட்டி நிஜமாகவே மச்சானாக்கிவிட்டாய்.

பிறகு அந்த இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். தபோ ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து படிக்க வந்து, படித்ததைவிட அதிகமாக டிரம்ஸ் அடித்தவன். மார்த்தா போலந்துக்காரி, தூதரக வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்க வந்தவள். முனிர்காவில் ஒரு பேஸ்மென்டில் மூவரும் ஜாஸ் என்று ஆரம்பித்தீர்கள். என்ன வாசிக்கப்போகிறோம் என்று முன்னால் ஒரு வார்த்தை பேசக்கூடாது, அதுதான் உங்கள் சட்டம். ஒருவர் ஏதாவது ஒரு சத்தம் எழுப்புவார், மற்ற இருவரும் அதன் பின்னாலேயே போவீர்கள். வியாபாரத்தில் இப்படி இறங்கினால் ஆறு மாதத்தில் ஷட்டரை இழுக்க வேண்டியதுதான்.

"இது எப்படா முடியும்?" என்று உன்னைக் கேட்டேன்.

"யாருக்கு முதல்ல பசிக்குதோ அவன் முடிப்பான்" என்றாய்.

தபோ ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் டிரம்ஸ் வாத்தியாரானான். மார்த்தா வார்சாவில் குழந்தைகளின் நடன வகுப்புக்குப் பியானோ வாசித்தாள். நீ சர்க்கார் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தாய். உங்கள் மூவரின் உலகப்புகழுக்கும் முதல் போட்டது மல்லிகாவின் அமைச்சகச் சம்பளம், உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்? மூன்று நாட்டிலிருந்து மூன்று விமானத்தில் போய் நாலாவது நாட்டில் சந்திப்பீர்கள். ஒரு ஊரில் பெரிய அரங்கம், எழுந்து நின்று கைதட்டுவார்கள். அடுத்த ஊரில் ஒரு பாருக்குப் பின்னால் இருட்டு அறை. "இதில என்னதான் லாபம்?" என்று கேட்டால், "நஷ்டத்தையும் மூணாப் பங்கு போட்டுக்கிறோம் மச்சான், அதுதான் லாபம்" என்பாய். நானும் திட்டிக்கொண்டே ஒவ்வொரு பயணத்துக்கும் உன் பெட்டியின் ஃபோமை மாற்றிக் கட்டிக்கொடுப்பேன். எனக்கு உன் சங்கீதம் புரியவில்லை, ஆனால் உன் பாஸின் கழுத்து எங்கே நோகும் என்று எனக்குத் தெரியும்.

நீ போன பிறகு மல்லிகா கூப்பிட்டாள். "ரோட்ல பஸ் போனா அது தானா முனகுதுண்ணே. வீட்ல ஆள் இருக்காப்ல இருக்கு. எடுத்துட்டுப் போயிரு." கொண்டுவந்து என் கேபின் மூலையில் நிறுத்தினேன், பெட்டிக்குள் வைக்க மனசு வரவில்லை. லாரி ரிவர்ஸ் எடுத்தால் இங்கேயும் முனகும். அந்தப் பெரிய கம்பிதான், தொண்டையைச் செருமுவதுபோல. ஒரு நாள் டிரைவரை இன்னொரு தடவை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை. "சேட்ஜி, தீவார் தோட் தூன் க்யா?" என்றான், சுவரை இடித்துத் தள்ளட்டுமா என்று.

போன வாரம் தபோவும் மார்த்தாவும், மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு, என் கேபினுக்கு வந்தார்கள். கூடவே ரீட்டா என்று ஷில்லாங்கிலிருந்து ஒரு பெண், பாஸ் வாசிப்பவள். விஷயத்துக்கு நேராக வந்தார்கள். மூவராகத் தொடர வேண்டும், உன் இடத்தில் ரீட்டா, அவள் கையில் உன் பாஸ். விலை சொல்லுங்கள் என்றார்கள்.

சொன்னேன். தபோ எழுந்தே நின்றுவிட்டான். முனிர்கா இந்தி அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. "அரே பாய்சாப், நான் பாஸ் கேட்டேன். துவாரகால ஃப்ளாட் கேக்கல."

"வேணாம்னா விடுங்க" என்றேன்.

மல்லிகா என்னையே பார்த்தாள். "குடுக்க மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லுண்ணே. எதுக்கு ரேட்டு சொல்ற?"

மறுநாள் சாயங்காலம் லோதி ரோடு பக்கம் ஒரு சின்ன அரங்கில் உனக்காக அவர்கள் இருவர் மட்டும் வாசித்தார்கள். முன்வரிசையில் மல்லிகாவும் நானும். வழக்கம்போல எனக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் சரக்கில் குறை எங்கே என்று கண்டுபிடிக்கிற கண் எனக்கு உண்டே. மார்த்தா வலது கையால் மட்டுமே வாசித்தாள். இடது கை மடியில் கிடந்தது. எப்போதாவது அது எழுந்து கட்டைகள் வரை போகும். தொடாமல் திரும்பிவிடும்.

முடிவு வரவே இல்லை மாப்ளே. தபோ நிறுத்துவான், அவள் போய்க்கொண்டிருப்பாள். அவள் நிறுத்தினால் இவன் மறுபடி தட்டுவான். கடைசியில் மின்விசிறி நிற்பதுபோல நின்றது. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் முடித்தது நீதான். உனக்குத்தானே எப்போதும் முதலில் பசிக்கும்?

வெளியே டீ குடிக்கும்போது, "கையில வலியா?" என்று மார்த்தாவைக் கேட்டேன். உன்னை அவள் இன்னும் முரூ என்றுதான் சொல்கிறாள்.

"இல்லை. பியானோவில் இடது பக்கம், அந்தக் கீழ்ஸ்தாயி, முரூவின் இடம். அவன் பாஸ் அங்கேதான் நடக்கும். நான் அங்கே போனால் இருவரும் முட்டிக்கொள்வோம். அதனால் இத்தனை வருஷம் அங்கே நான் அதிகம் போனதே இல்லை." கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "இப்போது போனால் அங்கே யாரும் இல்லை. அதுதான் பயம். ஊரில் நடன வகுப்பையும் விட்டுவிட்டேன். செல்வம், உங்கள் பாஸ் வராவிட்டால் இதுவே எங்கள் கடைசிக் கச்சேரி."

நான் உன்னை ஒரு மூலையில் நிறுத்தி லாரி விட்டு முனக வைத்துக்கொண்டிருந்தேன். அவளோ உன் இடத்தைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்தாள். எங்களில் யாருக்கு உன்னை அதிகம் தெரியும் என்று இப்போது நான் எப்படிப் பேரம் பேச?

நேற்று ரீட்டாவை வரச் சொன்னேன். அவள் பாஸைத் தொடுவதற்கு முன் பெட்டியைச் சுற்றி வந்தாள், வாரை இழுத்துப் பார்த்தாள், கழுத்து உட்காரும் பள்ளத்தில் விரலை வைத்து அமுக்கினாள். "இந்த ஃபோம் அமுங்கிப்போச்சு அங்கிள். மாத்தணுமே?" என்றாள் இந்தியில். அவளை எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. வாசித்தாள். உன்னைப்போல இல்லை. மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லதுண்ணே, அவரு மாதிரி வாசிச்சிருந்தா குடுக்க வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

வண்டி போன பிறகு சாயங்காலம் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. மூலையில் சத்தம் இல்லை.

உனக்கு நான் தரும் வாக்கு ஒன்றுதான்: எனக்குக் கையில் தெம்பு இருக்கும்வரை அந்தப் பெட்டியை வேறு ஆள் கட்ட விடமாட்டேன்.

பேசி முடித்தது இதுதான், அவர்கள் மூவரும் சம்மதித்தார்கள். விற்பனை இல்லை, வாடகையும் இல்லை. மூவரும் சேர்ந்து வாசிக்கும்வரை பாஸ் அவர்களிடம் இருக்கும், பிரிந்தால் மல்லிகாவிடம் திரும்ப வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்குமுன், ஃபோம் மாற்ற அது ஓக்லாவுக்கு வர வேண்டும். வருகிற அன்று மல்லிகா வீட்டு ஹாலில் மூவரும் வாசிக்க வேண்டும், மார்த்தா இரண்டு கையாலும்; பியானோவை என் லாரி கொண்டுவரும். முடிக்கிறது ரீட்டா. முடித்தவுடன் சாப்பாடு, அது என் செலவு.

உன் மச்சான்,
முனிர்கா ரூமில் ஒருக்களித்துப் படுத்த செல்வம்