ஏழுக்கு ஏழு

உம்முடைய தகரப் பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் புகையிலை மணக்கிறது. உமது தகப்பனார் மடத்துவெளிக் கடையில் சுருட்டு வைத்திருந்த பெட்டியில் நீர் மனித ஞாபகத்தை வைத்திருந்தீர். இரண்டும் ஈரம் படக்கூடாத பொருள்கள் என்று விளக்கமும் சொன்னீர்.

உமது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் உம்முடைய மனைவி அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து தந்தார்.

"அண்ணை, மேலை இருக்கிற மூண்டு அட்டையும் உங்களுக்காம். தான் போனாப் பிறகுதான் குடுக்கவேணும் எண்டு சொன்னவர். மிச்சத்தை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது. ஆமி வரத் தீவாலை வெளிக்கிடேக்கை நான் சீலையை எடுத்தனான், அந்த மனுசன் இதைத்தான் எடுத்தது."

எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பட்டத்தோடும் ஒரு நிறுத்தற் கடிகாரத்தோடும் நீர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வந்தீர். அறிகை உளவியல் என்றீர். அதற்கென்று அறை இல்லை. ஓர் அலுமாரியின் கீழ்த்தட்டைத் தந்தார்கள். ஊரில் நிலைமை இன்னும் மோசம். மனம் படித்தவர் என்று கேள்விப்பட்டு, மருமகள் என்ன நினைக்கிறாள் என்று அறிய ஒரு மாமியார் உம்மைத் தேடி வந்தார்.

"அம்மா, நான் ஆக்களின்ரை நினைப்பைப் படிக்கிறேல்லை. மறதியைத்தான் படிக்கிறனான்" என்றீர்.

"மறக்கிறதுக்கு ஏன் பிள்ளை பிளேனேறிப் போனனீ? இஞ்சையே இருந்திருக்கலாமே" என்றார் அவர். அந்த மாமியாரின் கேள்விக்கு இணையானதைப் பிற்காலத்தில் பதவி உயர்வுக் குழுகூட உம்மிடம் கேட்கவில்லை.

அந்த ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. நான் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினேன். இரண்டாம் கிழமையே நீர் என் வீட்டுக் கதிரையில் அட்டையும் பேனையுமாக இருந்தீர். தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களிடம் உடனே ஒருமுறையும், சில ஆண்டுகள் இடைவிட்டு இன்னும் இருமுறையும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான் உமது ஆய்வு: என்ன நடந்தது, எவ்வளவு நிச்சயம்? நிச்சயத்துக்கு ஒன்றிலிருந்து ஏழுவரை ஓர் அளவு.

"நீர்தான் என்ரை முதலாவது ஆள்" என்றீர். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சொன்னதை எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்தும் வாங்கினீர்.

கொழும்பு விடுதியில் எனக்கு அடுத்த அறையில் இருந்தவன் சுருவில் ஊர்த் தில்லைநாதன். நான் வந்தேன். அவன் வரவில்லை. அவன் உடலும் வரவில்லை.

அவனுடைய அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இறந்தவரின் வரலாற்றைச் செய்யுளும் உரையுமாக அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சாப்பிட வருபவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம் அது. அந்தப் புத்தகங்களில் கெட்டவன் எவனும் இதுவரை செத்ததில்லை. அச்சுக்குக் கொடுக்குமுன் அவனுடைய தாயிடம் போனேன்.

"தம்பி, என்ரை பிள்ளை உன்ரை கதவைத் தட்டினவனோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. நான் திறந்தனான். கையைப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்தனான். அவங்கள் மற்றப் பக்கத்தாலை இழுத்துப்போட்டாங்கள்."

கல்வெட்டின் நான்காம் பக்கத்தில் அது அச்சில் வந்தது. நீர் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்தை வாசித்தீர். பாயாசம் வேண்டாம் என்றீர்.

எண்பத்தாறில் இரண்டாம் முறை கேட்டீர். எண்பத்தொன்பதில் மூன்றாம் முறை, சாட்டிக் கடற்கரையில். நான் கதவைத் திறந்தது, இழுத்தது எல்லாம் சொன்னேன்.

"எவ்வளவு நிச்சயம்?"

"ஏழு."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"ஏன் ஐசே, எட்டு இருந்தால் எட்டு."

நீர் பேனையை மூடினீர். "நிச்சயம் எண்டது உண்மையின்ரை அளவில்லை. எத்தினை தரம் சொன்னனாங்கள் எண்டதின்ரை அளவு" என்றீர். நல்ல வசனம், கட்டுரையில் போடும் என்றேன். "வாரும், தேத்தண்ணி குடிப்பம்" என்றீர்.

அடுத்த ஆண்டு தீவுகளுக்குள் இராணுவம் வந்தது. நாம் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு அறை தேடினோம். அந்தக் காலத்தில்தான் வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து, மாதக்கணக்காக அலைந்து, உமக்குக் கடிதம் வந்தது. கட்டுரை நன்று, ஆனால் மிகக் கூடுதலாக மாறிய ஒருவருடைய மூன்று வாக்குமூலங்களையும் முழுதாகத் தரவேண்டும். தந்தால் கட்டுரை வரும். கட்டுரை வந்தால் சிரேஷ்ட விரிவுரையாளர் பதவி வரும்.

"அந்த ஆள் இடம்பெயர்ந்திட்டார். சம்மதம் கேக்கப் பிடிக்க ஏலாது" என்றீர். அது பொய்யுமில்லை, இடம்பெயராத தீவார் அப்போது அதிகம் பேர் இல்லை, நானும் இடம்பெயர்ந்தவன்தான். என்னுடைய குசினியில், நான் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னீர்.

"பேரை மறைச்சுப் போடுமன்."

"பேரை மறைச்சால் ஊர் தெரியும். ஊரை மறைச்சால் வீடு தெரியும். அந்த வீட்டிலை ஒரு தாய் இருக்குது" என்றீர்.

"ஒரு ஆளையே பிடிக்க ஏலாத நீர் மனத்தை எப்பிடிப் பிடிப்பீர்?" என்று கேட்டேன். சிரித்தீர். அந்தப் பகிடியை நான் உமது பல்கலைக்கழகப் பீடத்திலும் பரப்பினேன். நன்றாக ஓடியது. பதவி உயர்வுக் குழுவில் ஒருவர் உம்மிடமே அதைத் திருப்பிச் சொன்னதாகக் கேள்வி.

உமது சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசிமருந்து கப்பலில் வருகிறது, வருகிறது என்றார்கள். நீர் முந்திவிட்டீர். உமது கல்வெட்டையும் நான்தான் எழுதினேன். குழு தராததை ஒரே வரியில் தந்தேன்: சிரேஷ்ட விரிவுரையாளர். எவரும் ஆட்சேபிக்கவில்லை.

அதன் பிறகுதான் இந்தப் பெட்டி வந்தது.

முதல் அட்டையில் உமது பொடி எழுத்து, என் பேச்சு: "தில்லை தட்டினவன். என்ரை பேரைச் சொல்லி மூண்டு தரம் கூப்பிட்டவன். நான் கட்டிலுக்குக் கீழை கிடந்தனான். திறக்கேல்லை." நிச்சயம்: ஐந்து. கீழே என் கையெழுத்து, நான் இன்றைக்கும் போடும் அதே கையெழுத்து. மற்ற இரண்டு அட்டைகளிலும் கதவு திறந்திருக்கிறது. மூன்றையும் நூலால் கட்டி, மேலே பென்சிலால் எழுதியிருக்கிறீர்: பிரசுரத்துக்கு அல்ல.

தில்லையின் தாய் இப்போது கொக்குவிலில் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறார். ஒவ்வோர் ஆடியிலும் திவசத்துக்கு என்னைக் கூப்பிடுவார். போன கிழமையும் கூப்பிட்டார். முதல் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவருக்குப் பார்வை குறைந்துவிட்டது, என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ திறந்ததை ஒருக்காச் சொல்லு."

அட்டை நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"திறந்தனான் அம்மா" என்றேன்.

முதல் ஆண்டு அவருக்குச் சொன்னது பொய்யாகத்தான் இருக்கவேண்டும். அட்டை அப்படிச் சொல்கிறது. இடையிலே பத்துப் பதினொரு ஆடிகள் சொன்னது ஞாபகம். போன கிழமை சொன்னது மறுபடியும் பொய். மூன்றும் ஒரே வசனம்தான். வித்தியாசம் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீர்.

அட்டையை நான் நம்புகிறேன். ஆனாலும் அந்த நாளை நினைத்தால் கட்டிலுக்குக் கீழே இருந்த தூசி எனக்கு வரவில்லை. தாழ்ப்பாளின் துரு உள்ளங்கையில் ஒட்டுவது வருகிறது. அவனுடைய கை வருகிறது. வியர்த்திருக்கிறது. நான் விடாமல் பிடித்திருக்கிறேன்.